புதிய நிரல்மொழிக்கு ஏன் இத்தனை விளம்பரம்?

பெரிய நிறுவனங்கள் புதிய நிரல்மொழியை இலவசமாகத் தந்துவிட்டு, அதற்குப் பெரிதாக விளம்பரமும் செய்கின்றனவே, ஏன்? நானும் உடனே கற்க வேண்டுமா?
— கணினி அறிவியல் மாணவி, திருநெல்வேலி

மொழி இலவசம்தான்; அவர்களுக்கு வேண்டியது உங்கள் உழைப்பு. நீங்கள் செயலிகள் எழுதினால்தான் அவர்களுடைய கருவிகள் விலைபோகும்.

1995 மே மாதம் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவை அறிமுகப்படுத்திய விதத்தைப் பாருங்கள். மொழியின் இலக்கணத்தைச் சொல்லி ஆள் சேர்க்கவில்லை. ஹாட்ஜாவா என்ற உலாவியில், வலைப்பக்கத்துக்குள்ளேயே படங்கள் அசைவதைக் காட்டினார்கள். அன்றைக்கு அது அதிசயம். ‘ஒருமுறை எழுது, எங்கும் ஓட்டு’ என்ற முழக்கமும் பரவியது. ஆனால் முழக்கத்தைவிடப் பெரிய வெற்றி வேறு: எங்கள் உலாவியிலும் ஜாவா வரும் என்று நெட்ஸ்கேப்பின் மார்க் ஆண்ட்ரீசன் அந்த அறிமுகத்தின்போதே அறிவித்தார். அப்போது இணையத்தில் பெரும்பாலானோர் பயன்படுத்தியது நெட்ஸ்கேப்பைத்தான்.

2011இல் வந்த கூகுளின் டார்ட் மொழிக்கு அந்த வழி திறக்கவில்லை. மற்ற உலாவிகள் ஏற்கவில்லை. குரோமிலேயே அதைச் சேர்க்கும் திட்டத்தை 2015இல் கூகுள் கைவிட்டது. பிறகு ஃப்ளட்டர் என்ற கருவி வந்து, கைபேசிச் செயலி எழுத டார்ட் தேவைப்பட்டபோதுதான் அதற்கு மறுவாழ்வு கிடைத்தது.

எனவே அறிமுக விழாவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்த மொழி எந்த வேலைக்குத் தேவைப்படுகிறது என்று பாருங்கள். நீங்கள் சேர விரும்பும் நிறுவனங்களின் வேலை அறிவிப்புகளில் அதன் பெயர் வருகிறதா? வந்தால், சின்னச் செயலி ஒன்றை எழுதிப் பாருங்கள். இப்போது படிக்கும் ஜாவாவையோ பைத்தானையோ ஆழமாகக் கற்றிருந்தால் புதியது சீக்கிரமே கைவரும். பயம் வேண்டாம்.