தத்துக் குழந்தையின் மருத்துவக் குறிப்புகள்

கேள்வி: தத்தெடுக்கவிருக்கும் குழந்தையின் பழைய மருத்துவ விவரங்கள் எங்களுக்குக் கிடைக்குமா?
– வாசகி, திருச்சி

பதில்: கிடைக்கும். குழந்தையை ஏற்பதற்கு முன்பே அதன் மருத்துவப் பரிசோதனை அறிக்கையைப் பார்க்கவும், உங்கள் நம்பிக்கைக்குரிய மருத்துவரிடம் காட்டிக் கருத்துக் கேட்கவும் 2022ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் இடம் தருகின்றன. தடுப்பூசி அட்டை, சிகிச்சைச் சீட்டுகள் எல்லாவற்றையும் குழந்தை இருக்கும் இல்லத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். மாவட்ட ஆட்சியரின் ஆணை வந்தபின் சட்டப்படி நீங்களே பெற்றோர். மருத்துவமனையில் அந்த உரிமையோடு பேசலாம்.

பெற்றவர்களின் குடும்ப நோய் வரலாறுதான் பெரும்பாலும் கிடைக்காது. கைவிடப்பட்ட குழந்தை என்றால் அதைச் சொல்ல ஆளே இல்லை. குழந்தையை ஒப்படைத்த பெற்றோர் விரும்பினால் அவர்களின் அடையாளத்தைச் சட்டம் காக்கிறது. மருத்துவர் கேட்டால், 'தெரியாது' என்று தயங்காமல் சொல்லுங்கள்; ஊகித்துச் சொல்வது குழந்தைக்கு ஆபத்து. 18 வயதானதும் தன் வேர்களைத் தேடப் பிள்ளையே விண்ணப்பிக்கலாம். அதுவரை எல்லாக் காகிதங்களையும் ஒரே கோப்பில் பத்திரப்படுத்துங்கள்.