அபினி நீக்கமும் நித்திரைக் கேடும்

1805ஆம் ஆண்டளவில், சேர்த்தூர்னர் என்னும் ஜேர்மனிய மருந்தாளர் அபினியிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்து, கிரேக்கரின் கனவுத் தெய்வமாகிய மோர்பியசின் பெயரை அதற்கு இட்டார். அதுவே மோர்பீன். அதனினின்று ஆக்கப்பட்ட ஹெரோயின் 1898இல் மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. ஆயினும், துயிலின் பெயர் பூண்ட இக்குலமே துயிலைக் கெடுப்பதாயிற்று.

இலங்கையில் 1980களின் தொடக்கத்தில் ஹெரோயின் பரவலாயிற்று. 1984இல் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை நிறுவப்பட்டது. துறைமுக நகராகிய நம் திருகோணமலைக்கும் இது அயலார் சங்கதியன்று. லிங்கநகரில் வாழ்வோரும் இதனை அறிந்திருத்தல் நன்று.

மூளைத்தண்டிலே நோரதிரனலீன் என்னும் பொருளைச் சுரக்கும் சிறு நரம்பணுத் தொகுதி ஒன்றுண்டு. நம்மை விழித்திருக்கச் செய்வது அதன் தொழில்களுள் ஒன்று. அபினிப் பொருள்கள் அதனை அடக்குகின்றன. நாடோறும் அடக்கப்பட்ட அத்தொகுதி, அவ்வடக்குதலை மீறி வேலை செய்யப் பழகிக்கொள்கிறது. போதைப்பொருளை நிறுத்தியதும், தடையற்று மிகையாய் இயங்குகிறது. கொட்டாவி, மயிர்க்கூச்சம், வியர்வை, கால்களின் ஓயாத துடிப்பு ஆகியன தோன்றுகின்றன, கண்ணோ மூடுவதில்லை.

ஹெரோயினை விட்டவர்க்கு இத்துன்பம் சில மணி நேரத்திலே தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாள்களில் உச்சமடைந்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் தணியும். நித்திரைக் கேடு மாத்திரம் வாரக்கணக்காகவும் சிலர்க்கு மாதக்கணக்காகவும் நீடிக்கலாம். உடல் தேறியும் துயில் வாராமை கண்டு, "ஒரே ஒரு தடவை" என மீண்டவர் பலர்.

இங்கேதான் பேராபத்து உளது. சில நாள் விட்டிருந்த உடல் பழைய அளவைத் தாங்கும் வலிமையை இழந்துவிடுகிறது. முன்பு பழகிய அளவே இப்போது மூச்சை நிறுத்திவிடும். இரக்கத்தால் வீட்டார் தாமாகவே கொடுக்கும் நித்திரை மாத்திரையும், ஹெரோயினோடு சேருங்கால் அத்தகைய கேட்டையே விளைக்கும்.

ஆதலின் வைத்தியரை நாடுதலே முறை. குளோனிடீன் போன்ற மருந்துகள் அம்மிகை இயக்கத்தைத் தணிப்பன. மெத்தடோனைப் படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பதும் பல நாடுகளில் வழக்கம். நாடோறும் ஒரே வேளையில் எழுதல், பகற்றுயில் தவிர்த்தல், பிற்பகலுக்குப் பின் தேநீர் கோப்பி விடுதல் ஆகியனவும் துணைசெய்யும்.

நள்ளிரவில் முற்றத்தில் நடைபயிலும் இளைஞனைக் கண்டால், திருந்தாதவன் என இகழற்க. அவன் திருந்திக்கொண்டிருப்பவனாகவும் இருக்கலாம். அவ்விரவிலே அவனுக்கு வேண்டுவது ஏச்சன்று, உடனிருக்கும் ஒருவரே.