குழந்தைகளிடம் காணும் மேகநோய்: நாம் அறிய வேண்டியவை

மேகநோய் பெரியவர்களுக்கே வரும் வியாதி என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். குழந்தைகளிடமும் அது காணப்படுவதுண்டு. வெட்கத்தால் நாம் வாய்மூடியிருந்தால் துன்புறுவது குழந்தையேயாகும்.

சிறுமிக்கு வெள்ளைபடுதலோ எரிச்சலோ கண்டவுடன் யார்மீதும் ஐயங்கொள்ளலாகாது. கீரிப்பூச்சி, சுத்தக்குறைவு, சாதாரணக் கிருமிகள் ஆகியவற்றாலும் அவை உண்டாகும். கிரந்தி, கிளமிடியா ஆகியவை தாயிடமிருந்தும் வரக்கூடும். ஆனால், கைக்குழந்தைப் பருவம் கடந்தும் பருவமடையாத ஒரு குழந்தைக்கு, கொனோரியா என்னும் வெட்டைநோய் சோதனையில் உறுதிப்பட்டால், யாரோ தகாத முறையில் தீண்டியிருப்பதற்கு அது பலத்த அடையாளம். கழிப்பறையின்மீதும் துண்டின்மீதும் பழிபோட்டு அமைதி கொள்ளலாகாது.

நோயும் காயமும் இல்லையென்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்றாகாது. கொடுமைக்குள்ளான குழந்தைகளில் பெரும்பாலோரின் உடலில் அடையாளமே இருப்பதில்லை. ஆகவே குழந்தையின் சொல்லே முக்கியம். குறிப்பிட்ட ஒருவரைக் கண்டு அஞ்சுதல், வயதுக்கு மீறிய பேச்சு, நின்றுபோன படுக்கைநனைத்தல் மீண்டும் தொடங்குதல் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும்.

வீட்டில் மீந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். நோயைக் கண்டறிவது கடினமாகிவிடும். அண்மையில் நடந்திருந்தால் குளிப்பாட்டாமலும் துணியைத் துவைக்காமலும், சிரம்பான் துவாங்கு ஜாஃபார் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு உடனே கொண்டுசெல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். முதற் சோதனையில் தெரியாத நோய் சில வாரங்களுக்குப் பின் தெரியலாம். டாக்டர் குறித்த நாளில் மறுபடியும் செல்லுங்கள். குழந்தையைத் துருவித் துருவிக் கேளாதீர்கள். "உன்மேல் குற்றமில்லை" என்று சொன்னால் போதும்.

2001ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி டாக்டரும் குடும்பத்தாரும் இதை அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள். குழந்தைகளுக்கெதிரான பாலியல் குற்றங்கள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குற்றத்தை அறிந்தும் அறிவிக்காதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமுண்டு. குழந்தையின் சாட்சியம் ஒன்றைக் கொண்டே தண்டிக்கவும் அச்சட்டம் இடமளிக்கிறது. போலீசாரிடமோ, 15999 என்ற தொலைபேசி எண்ணிலோ அறிவிக்கலாம்.

குற்றவாளி உறவினராகவோ, கடை ஆளாகவோ, ஓதிக்கொடுப்பவராகவோ இருக்கலாம். குடும்ப மானம், கடைப் பெயர் என்று கூறி ஊர்ப் பெரியவர்கள் கூடிச் சமாதானம் பேசி மறைப்பதால், அவன் அடுத்த குழந்தையைத் தேடுவான். அம்பாங்கான் வட்டாரத்து வியாபாரப் பெருமக்களே! எடையில் குறைந்தால் மறுமையில் கேள்வியுண்டென்று அஞ்சும் நாம், அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதமான குழந்தைகளைக் குறித்தும் கேட்கப்படுவோம். சாட்சியத்தை மறைப்பது மார்க்கத்தில் பாவம், சட்டத்திலும் குற்றம்.