வாதம் செய்யலாம், அடியாரை வையலாமா?



இன்னைக்குத் திருப்புகழ் விளக்கமோ தல வரலாறோ எழுதப் போறதில்லை. நான் செஞ்ச ஒரு தப்பைப் பத்தித்தான் எழுதப் போறேன். படிக்கிற உங்கள்ல சிலபேராவது இதே தப்பை இப்போ போன்ல டைப் பண்ணிக்கிட்டு இருக்கலாம். அனுப்புறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

2024 ஆகஸ்ட் 24, 25 தேதிகளில் பழனியில் தமிழக அரசின் அறநிலையத்துறை அனைத்துலக முத்தமிழ் முருகன் மாநாடு நடத்தியது. 2025 ஜூன் 22-ல் மதுரையில் இந்து முன்னணி முருக பக்தர்கள் மாநாடு நடத்தியது. இரண்டுமே பெரிய விவாதமாச்சு. அரசாங்கம் பக்தி மாநாடு நடத்தலாமா என்று ஒரு பக்கம் கேள்வி. பக்தர்கள் மாநாட்டு மேடையில் அரசியல் வரலாமா என்று இன்னொரு பக்கம் கேள்வி. எங்கள் பாதயாத்திரை வாட்ஸ்அப் குழுவும் ரெண்டாப் பிரிஞ்சது. நான் எந்தப் பக்கம்னு இங்கே சொல்லப் போறதில்லை. சொன்னா பாதிப் பேர் இதோட படிக்கிறதை நிறுத்திடுவீங்க.

அந்தக் குழுவில் எங்கள் தெரு மாமா ஒருத்தர் இருந்தார். மதுரையிலிருந்து பழனிக்கு முதல் தடவை நான் நடந்தப்போ, கால் கொப்புளத்துக்கு மருந்து போட்டு விட்டவர் அவர்தான். காவடி கட்டக் கத்துக் கொடுத்ததும் அவர்தான். மாநாடு விஷயத்தில் அவர் என் கருத்துக்கு நேர் எதிர். ஒரு ராத்திரி, நாற்பது பேர் பார்க்கிற குழுவில் நான் எழுதினேன்: "நீங்க கும்பிடுறது முருகனை இல்லை மாமா, கட்சியை."

ஏழெட்டுப் பேர் கைதட்டல் போட்டாங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சு. மாமா ஒரே வரி எழுதினார்: "சரிப்பா, முருகன் பாத்துக்குவான்." அப்புறம் குழுவை விட்டு வெளியே போயிட்டார். அடுத்த தைப்பூசத்துக்கு அவர் வேற குழுவோட நடந்தார். எங்க கூட வரலை.

நம்ம வீட்டிலேயே நடந்த பழைய சண்டை

இந்த மாதிரிச் சண்டை நெட் வந்த பிறகு பிறந்தது இல்லை. 1867-ல் வள்ளலாரின் பாடல்களை அவருடைய மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் "திருவருட்பா" என்ற பெயரில், திருமுறைகளாகப் பகுத்துப் பதிப்பித்தார். யாழ்ப்பாணம் நல்லூரைச் சேர்ந்த ஆறுமுக நாவலர் அதைக் கடுமையாக எதிர்த்தார். 'போலியருட்பா மறுப்பு' என்றே நூல் வந்தது. 1869-ல் விஷயம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. இரண்டு பேருடைய காலத்துக்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. அருட்பா பக்கம் மறைமலையடிகள், மருட்பா பக்கம் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை என்று அடுத்த தலைமுறையும் களத்தில் இறங்கியது.

இப்போ ஒரு விஷயம் கவனியுங்க. வள்ளலார் சின்ன வயசிலேயே சென்னைக் கந்தகோட்டத்து முருகன் முன்னால் நின்று உருகிப் பாடியவர். தெய்வமணிமாலை அந்தச் சந்நிதிக்கு உரியது. நாவலர் பிறந்த நல்லூரோ கந்தசுவாமி கோயிலுக்குப் பேர்போன ஊர். கந்தபுராணத்தை எல்லாரும் படிக்கிற மாதிரி வசன நடையில் தந்தவர் அவர். கதிரைவேற்பிள்ளை 'சுப்பிரமணிய பராக்கிரமம்' எழுதியவர். அதாவது மோதிக்கிட்ட எல்லாருமே நம்ம முருகன் அடியார்கள்தான்!

நாவலர் எழுப்பிய கேள்வி வீண் கேள்வியும் இல்லை. நாயன்மார்கள் முதலானோர் அருளிய பன்னிரு திருமுறை இருக்கும்போது, நம் காலத்தில் வாழும் ஒருவரின் பாடலையும் திருமுறை என்று சொல்லலாமா? மரபை மதிக்கிற யாரும் கேட்கக்கூடிய கேள்விதான். இறைவன் அருள் ஒரு காலத்தோடு நின்று போச்சா என்று அருட்பா அன்பர்கள் திருப்பிக் கேட்டதும் நியாயமான கேள்விதான். உட்கார்ந்து பேசியிருந்தால் சைவத்துக்கு ஒரு நல்ல நூலே கிடைத்திருக்கும். ஆனால் கண்டன நூல்களில் கேள்வி பின்னால் போய், வசை முன்னால் வந்தது. இன்னைக்கு அந்தச் சண்டையைத் தெரிஞ்சவங்களில் பலருக்கு யார் யாரைத் திட்டினாங்க என்று தெரியும். என்ன கேள்வி என்று கேட்டால் தெரியாது.

தேர்வை இழந்த மாணவர்

அந்தச் சண்டையில் ஒரு மாணவரும் சிக்கினார். கதிரைவேற்பிள்ளையிடம் தமிழ் படித்த வெஸ்லி பள்ளி மாணவர் அவர். 1904-ல் ஆசிரியர் சம்பந்தப்பட்ட வழக்கில் சாட்சி சொல்ல நீதிமன்றம் போனதால், பள்ளித் தேர்வை முழுதாக எழுத முடியவில்லை. அவருடைய பள்ளிப் படிப்பே அதோடு முடிந்தது. அந்த மாணவர்தான் திரு.வி.க. 'முருகன் அல்லது அழகு' எழுதிய அதே திரு.வி.க.

அவர் பிறகு என்ன செய்தார் என்பதுதான் நமக்குப் பாடம். ஆசிரியரை அவர் விட்டுக் கொடுக்கவில்லை. கதிரைவேற்பிள்ளை மறைந்த பிறகு அவருடைய வரலாற்றை எழுதினார். எதிர்த்தரப்பையும் வெறுக்கவில்லை. பின்னாளில் வள்ளலாரைப் போற்றியும் நூல் எழுதினார். இந்த இரண்டும் ஒரே மனசுக்குள் இருக்க முடியும்!

அரசியலிலும் அப்படித்தான். 1925-ல் காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் திரு.வி.க. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை அவர் அனுமதிக்கவில்லை. பெரியார் வெளியேறினார். அதன் பிறகு ஒருவர் நாத்திகப் பிரசாரம், இன்னொருவர் பழுத்த ஆத்திகர். எழுத்தில் கடுமையான கருத்துப் போர். ஆனால் நட்பு அறுந்து போகவில்லை. ஈரோட்டில் தங்கியிருந்த திரு.வி.க. குளித்துவிட்டு வந்தபோது, பெரியாரே திருநீற்றை எடுத்து நீட்டினார் என்று இன்றும் சொல்வார்கள். கொள்கை தூரமாக இருந்தாலும், எதிரில் இருப்பவரின் நெற்றிக்கு என்ன வேணும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பெரியார் ஆத்திகர் ஆகவில்லை, திரு.வி.க. திருநீற்றை விடவும் இல்லை.

நாம என்ன செய்யலாம்?

நான் இப்போ கடைப்பிடிக்கிற நாலு விஷயம் சொல்றேன்.

ஒன்று: எழுதறதுக்கு முன்னாடி என் கேள்வியை ஒரே வரியில் எழுதிப் பார்ப்பேன். அந்த வரியில் எதிராளி பேரோ, அவர் சாதியோ, கட்சியோ, பக்தியின் அளவோ வந்தால் அது கேள்வி இல்லை, பழி. அழிச்சிடுவேன். ஒருத்தர் பக்தியை அளக்கிற தராசை முருகன் என் கையில் கொடுக்கலை.

இரண்டு: அவர் சொன்னதை முதலில் நான் ஒழுங்காகச் சொல்வேன். இது நம்ம சைவ மரபிலேயே இருக்கு. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் 'பரபக்கம்' என்று ஒரு பகுதியே வைத்தார். மற்ற சமயத்தார் கொள்கையை எடுத்துச் சொல்லி, அதன் பிறகு மறுப்பார். 'சுபக்கம்' என்ற தன் கொள்கைப் பகுதி அதற்கு அப்புறம்தான். "ஆமா, நான் சொன்னது இதுதான்" என்று எதிராளி ஒத்துக்கிட்ட பிறகு மறுங்க. அப்போ உங்க பதிலுக்கும் பலம் கூடும்.

மூன்று: வெட்டி ஒட்டின பத்து வினாடி வீடியோவை நம்பி யாரையும் திட்ட மாட்டேன். முழுப் பேச்சையும் கேட்பேன். கேட்க நேரம் இல்லேன்னா, ஃபார்வர்ட் பண்ணவும் எனக்கு நேரம் இல்லை.

நான்கு: பணிவு என்றால் வாயை மூடிக்கிட்டு இருக்கிறது இல்லை. 2020-ல் கந்த சஷ்டி கவசத்தை இழிவுபடுத்தி ஒரு யூடியூப் வீடியோ வந்தப்போ நம்ம எல்லாருக்கும் மனசு வலிச்சது. புகார் கொடுத்தாங்க, கைதும் நடந்துச்சு. அது முறையான வழி. ஆனா அதே நேரம் சம்பந்தமே இல்லாதவங்க வீட்டுப் பெண்களை ஆபாசமாத் திட்டினவங்களும் பேருக்கு முன்னாடி "வேல்" போட்டிருந்தாங்க. அது கவசத்துக்குச் செஞ்ச மரியாதையா?

வாதத்தில் ஜெயிச்சவன் எப்படி நடந்துக்கணும் என்று நம்ம அருணகிரிநாதர் கதையே சொல்லுது. தோத்தவங்க காதை அறுக்கிற வழக்கம் கொண்ட வில்லிபுத்தூராரை, கந்தரந்தாதியின் தகரப் பாடலால் அவர் வென்றதாக வழிவழியாச் சொல்றாங்க. ஜெயிச்ச பிறகு அவர் காதை அறுக்கலை. இனிமேல் யார் காதையும் அறுக்காதேன்னு அந்தக் கருவியைத்தான் கீழே போட வெச்சார். "கருணைக்கு அருணகிரி" என்ற பேச்சு சும்மா வரலை. நானோ ஜெயிக்கிறதுக்கு முன்னாடியே மாமா காதை அறுத்துட்டேன்.

கடைசியா...

போன மாசம் மாமா வீட்டுக்குப் போனேன். மன்னிப்பு கேட்டேன். தனியா மட்டும் இல்லை, திட்டின அதே குழுவிலும் எழுதினேன். நாற்பது பேர் முன்னாடி செஞ்ச தப்புக்குக் காதோடு கேட்கிற மன்னிப்பு பத்தாது.

மாமா காபி கொடுத்தார். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "உன் கேள்வி நல்ல கேள்விதான் மாப்ள. ஆனா அதை நீ என்கிட்ட கேட்கவே இல்லையே" என்றார்.

அன்னைக்குத்தான் கேட்டேன். ரெண்டு மணி நேரம் பேசினோம். அவர் கருத்து மாறலை, என் கருத்தும் மாறலை. ஆனா அவர் ஏன் அப்படி நினைக்கிறார்னு இப்போ எனக்குத் தெரியும். குழுவுக்கு அவர் இன்னும் திரும்பி வரலை. வர்ற தைப்பூசத்துக்கு எங்க கூட நடப்பாரான்னு கேட்டேன். "பாக்கலாம்" என்றார். அந்தப் பதிலுக்கு மேல வற்புறுத்த எனக்கு உரிமை இல்லை.

உங்க குழுவிலும் இப்படி வெளியே போன ஒரு மாமாவோ, அக்காவோ, நண்பனோ இருக்கலாம். இந்தப் பதிவை ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி, அவங்களுக்கு ஒரு போன் பண்ணுங்க.

வேலும் மயிலும் துணை. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!