காலு தொங்குது தம்பி

நாற்காலி வந்து இறங்கிய அன்று அதில் முதலில் உட்கார்ந்தது நானில்லை, எதிர்வீட்டு அக்கா. மரக்காணத்து உப்பளத்தில் முப்பது வருஷமாக வேலை பார்ப்பவர். விடிவதற்கு முன்பே போய் உப்பு வாரிவிட்டு, வெயில் ஏறியதும் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். பந்தயக் காரின் சீட்டைப் பெயர்த்து எடுத்து வந்ததுபோல, கறுப்பும் சிவப்புமாக நின்ற அந்தச் சாமானை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, இதுவா பதினாலாயிரம்?"

"முதுகுவலிக்கு, அக்கா."

"குந்திப் பாக்கட்டா?"

உட்கார்ந்தார். பாதம் இரண்டும் தரையிலிருந்து நாலு விரற்கடை மேலே நின்றன. "காலு தொங்குது தம்பி" என்று இறங்கிப் போய்விட்டார். நான் சிரித்தேன். அவர் சொன்னது எனக்கு உறைக்க ஒன்றரை வருஷம் ஆனது.

அந்த ஒன்றரை வருஷத்தில் என் முதுகும் நாற்காலியும் சேர்ந்து பழுதாயின. வீட்டிலிருந்தே கணினி வேலை, எட்டு மணி நேரம். இரவில் அதே நாற்காலியில் தம்பி மகன் கேம் ஆடுவான். வாங்கும்போது நான் நம்பிய ஒவ்வொன்றும் எப்படிப் பொய்த்தது என்று இப்போது வரிசையாகச் சொல்ல முடியும்.

முதலாவது, கேமிங் நாற்காலி என்றாலே முதுகுக்கு நல்லது என்ற எண்ணம். அதன் பிறப்பைத் தெரிந்துகொண்டால் இந்த நம்பிக்கை பாதி கழன்றுவிடும். 2000-களின் நடுவில் டிஎக்ஸ்ரேசர் போன்ற நிறுவனங்கள் பந்தயக் கார் சீட்டின் வடிவத்தை எடுத்து, அடியில் சக்கரம் பூட்டி, கணினி முன்னால் நிறுத்தின. காரில் அந்தச் சீட்டின் இருபக்கமும் தடித்த விளிம்பு எழும்பி நிற்பதற்குக் காரணம் உண்டு. வேகமாக வளைவில் திரும்பும்போது ஆள் பக்கவாட்டில் சரியாமல் அது பிடித்துக்கொள்ளும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அது உதவலாம். என் அறை எங்கும் திரும்புவதில்லை. தம்பி மகனோ பத்து நிமிஷத்தில் காலை மடக்கிச் சம்மணம் போட்டுவிடுகிறவன். நம்மில் பலருக்கும் அதுதானே பழக்கம்! அந்த விளிம்பு அவன் தொடையைக் குத்த, நாற்காலியின் நுனியில் கூனி உட்கார்ந்து ஆடினான். கழுத்துக்கென்று கட்டித் தந்த தலையணை தலையை முன்னால் தள்ளியது. அதை மறுநாளே அவிழ்த்து அலமாரி மேல் போட்டேன்.

அடுத்தது, "லெதர் போல இருக்கிறது, நாள்பட உழைக்கும்" என்பது. எங்கள் ஊர் இதற்கு நல்ல பரீட்சைக்கூடம். ஒரு பக்கம் வங்கக்கடல், மறுபக்கம் கழுவெளிச் சதுப்புநிலம், இடையில் பக்கிங்காம் கால்வாயும் பாத்தி பாத்தியாக உப்பளமும். இங்கே ஜன்னலைத் திறந்து வைத்தால் மேஜையில் விரலால் பெயர் எழுதலாம், நாக்கில் வைத்தால் கரிக்கும்.

பியூ லெதர் என்று விற்பது தோல் அல்ல. துணியின்மேல் பாலியூரிதேன் பூச்சு. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பூச்சின் வேதிப் பிணைப்புகளைத் தண்ணீரே மெல்ல அறுக்கும். முதலில் முழங்கை படும் இடம், பிறகு தொடை படும் இடம் என்று வியர்வை ஊறும் பக்கமெல்லாம் பொருக்குவிட்டு உதிரும். என் நாற்காலி பதினாலாவது மாதம் உரியத் தொடங்கியது. சட்டையெல்லாம் கறுப்புச் செதில். விற்ற கடைக்குப் போன் போட்டால், "ஏசி ரூம்ல வெச்சிருக்கணும் சார்" என்றார்கள். பழைய பஸ் சீட்டில் பார்க்கிறோமே, அந்த ரெக்ஸின் பிவிசி பூச்சு. அது விறைத்து வெடிக்குமே தவிர, ஈரத்துக்கு இப்படிச் சுலபமாக உரியாது. விலை குறைந்தது என்று நாம் ஏளனம் செய்த சாமான்!

உரிந்ததைவிட மோசம் துரு. எங்கள் வீட்டு உப்பு ஜாடி ஐப்பசியில் கசியும். அடியில் ஒரு விரல் தண்ணீர் நிற்கும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். மக்னீசியம் குளோரைடு கலந்த கல்லுப்பு அதற்கும் முன்பே கசியும். இதேதான் நாற்காலியின் திருகாணியிலும் நடக்கிறது. பகலில் உப்புத் தூசி படிகிறது, இரவில் அது ஈரத்தை இழுத்து உப்புநீர்ப் படலமாகிறது, இரும்பைத் தின்கிறது. "இரும்புக் கால்தான் சார் ஸ்ட்ராங்" என்று கடைக்காரர் சொன்னது மதுரைக்குச் சரியாக இருக்கலாம். கடலோரத்தில் பெயின்ட் அடித்த இரும்பைவிடக் கண்ணாடி இழை கலந்த நைலான் கால் மேல். எது வாங்கினாலும் மாதம் ஒருமுறை திருகாணிகளை ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட வேண்டும்.

ஏசி இல்லாத வீட்டுக்கு வலை போட்ட நாற்காலி நல்லது. அது ஏதோ அமெரிக்கக் கண்டுபிடிப்பு என்றும் மலைக்க வேண்டாம். பில் ஸ்டம்ப்ஃபும் டான் சாட்விக்கும் ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக வடிவமைத்த ஏரான் நாற்காலி 1994-இல் வந்தது உண்மை. உலகெங்கும் அலுவலகங்களில் மெத்தைக்குப் பதில் வலை பரவ அது பெரிய காரணம். ஆனால் நம் தாலுகா ஆபீசில் அதற்கு வெகுகாலம் முன்பே பிரம்பு பின்னிய நாற்காலி இருந்தது. துளை வழியே காற்று வரும், உடம்புக்கேற்பக் கொஞ்சம் தொய்ந்து கொடுக்கும். பார்வையற்றோர் அதைப் பின்னுவதைத் தொழிலாகவே கற்றார்கள். வலையில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: முன்விளிம்புச் சட்டம் தொடையில் அழுத்துகிறதா என்று.

நாற்காலியின் கேஸ் வெடிக்கும் என்ற பயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். உயரம் ஏற்றி இறக்கும் அந்தக் குழலில் இருப்பது சமையல் கேஸ் அல்ல, அழுத்தி அடைத்த நைட்ரஜன், தீப்பிடிக்காது. அது வழக்கமாகப் பழுதாவது வெடித்து அல்ல, கசிந்து. ஏற்றினால் மெல்ல இறங்கிவிடும். அதை நீங்களே பிரிக்கப் பார்க்காமல் இருந்தால் போதும்.

"நிமிர்ந்து உட்காரு" என்று அம்மாவும் வாத்தியாரும் சொல்லி வளர்ந்தோம். இடுப்பு தொண்ணூறு டிகிரி, முழங்கால் தொண்ணூறு டிகிரி என்று நாற்காலி விளம்பரத்திலும் அதே படம். 1960-களில் ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப் நாசெம்சன் முதுகெலும்பு வட்டுக்குள் ஊசி செருகி அழுத்தம் அளந்தார். நிற்பதைவிட, சாய்மானமில்லாமல் உட்காரும்போது அழுத்தம் கூடுகிறது என்றார். 1999-இல் ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர்கள் ஒருவர் முதுகில் கருவி வைத்து மறுபடி அளந்தார்கள். நின்றபோது 0.50 மெகாபாஸ்கல், தளர்வாக உட்கார்ந்தபோது 0.46, நாற்காலியில் நன்றாகச் சரிந்து சாய்ந்தபோது 0.27. ஒரே ஆளின் முதுகுதான், அதை வைத்துச் சட்டம் போட முடியாது. 2006-இல் ஸ்காட்லாந்தில் 22 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தவர்களும், விறைப்பான தொண்ணூறைவிட 135 டிகிரி சாய்வில் வட்டுகள் குறைவாக நகர்வதாகச் சொன்னார்கள். திண்ணையில் சாய்வு நாற்காலி போட்ட தாத்தாவுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. 135-இல் சாய்ந்தபடி தட்டச்சு செய்ய முடியாது என்பது வேறு. வேலைக்கு நூறு, நூற்றுப் பத்து டிகிரி போதும், படிக்க, போன் பேச இன்னும் சாயலாம். எந்த நிலையானாலும் அதிலேயே உறைந்துபோகக் கூடாது.

இனி அக்கா சொன்ன கால் விஷயம். "விலை உயர்ந்தது எல்லாருக்கும் பொருந்தும்" என்பதுதான் என்னைப் பிடித்த பெரிய நம்பிக்கை. ஏரானே ஏ, பி, சி என்று மூன்று அளவில் வந்தது. இந்திய உடல் அளவுகளைத் திரட்டி தேப்குமார் சக்ரவர்த்தி எழுதிய புத்தகத்தை அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-இலேயே வெளியிட்டது. ஆனால் கடைக்கு வரும் நாற்காலி பலவும் நெட்டை ஆளை மனதில் வைத்துச் செய்தவை. வேலை நாற்காலிகளுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 17631 இருக்கிறது. அந்த முத்திரை நாற்காலி உடையாது, கவிழாது என்பதற்குத்தான் உத்தரவாதம், உங்கள் முழங்காலுக்கு அல்ல.

தையற்காரரின் டேப் ஒன்று போதும். வெறுங்காலில் உட்கார்ந்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்து பாருங்கள். அக்காவுக்கு 37 செ.மீ. வந்தது, எனக்கு 41. என் நாற்காலி மிகத் தாழ்ந்தபோதும் 46. கால் தொங்கினால் தொடையின் அடிப்பக்கம் அழுந்தி மரத்துப்போகும். அதைத் தவிர்க்க நுனிக்கு நகர்வோம், முதுகுச் சாய்மானம் சும்மா பின்னால் நிற்கும். என் முதுகுவலியின் கதை அவ்வளவுதான். சீட்டின் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையே மூன்று விரல் நுழைய வேண்டும். கைப்பிடி முழங்கை உயரத்துக்கு இறங்க வேண்டும், இல்லாவிட்டால் கழற்றிவிடுங்கள். மேஜை உயரமாகி நாற்காலியை ஏற்றத்தான் வேண்டுமென்றால் காலடியில் ஒரு மணைப்பலகை. லேப்டாப்பை நாலு தடித்த புத்தகத்தின் மேல் ஏற்றித் தனிக் கீபோர்டு வைத்த அன்று என் கழுத்துவலி குறைந்தது. அதற்கு ஆன செலவு அறுநூறு ரூபாய்.

சமீபத்திய நம்பிக்கை, உட்காருவதே விஷம், நின்றுகொண்டே வேலை பார் என்பது. இதைத் தி.நகர் ஜவுளிக்கடைப் பெண்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். நாள் முழுக்க நின்று கால் நரம்பு புடைத்தவர்களுக்காக, 1947-ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு திருத்தம் கொண்டுவந்தது. கேரளம் 2018-இல் முந்திக்கொண்டது. ஒரு பக்கம் ஸ்டூலுக்குச் சட்டம், இன்னொரு பக்கம் நிற்பதற்கு முப்பதாயிரத்தில் மேஜை! உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் குறை, நடமாடு என்பதுதான். அரை மணிக்கொருமுறை எழுந்து குடத்திலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் அந்த மேஜை வேண்டாம்.

இப்போது என்னிடம் இருப்பது ஏழாயிரம் ரூபாய் வலை நாற்காலி, நைலான் கால், 40 செ.மீ. வரை இறங்கும். பழையதன் சக்கரங்கள் துருப்பிடித்துச் சுற்ற மறுத்தபின் பிடுங்கி எறிந்தேன். கேஸ் போய்ச் சீட் அடிவரை இறங்கிவிட்டது. எடைக்குப் போடப் போன சாமானை அக்கா கேட்டு வாங்கி, உரிந்த இடத்தில் பழைய புடவையைச் சுற்றி, வாசல் வேப்பமரத்தடியில் போட்டார். மழைக்கு உப்பளம் மூடிய ஒரு கார்த்திகைக் காலையில் பார்த்தேன். பாதம் இரண்டையும் தரையில் ஊன்றி, நன்றாகச் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இப்பதான் தம்பி இது குந்தறாப்ல இருக்குது."