சீனத்து இரு நெறிகள்: கன்பூசியரும் இலாவோட்சும்

(சைவப் பாடசாலை ஆசிரியர்க்குரிய பாடக்குறிப்பு)

துறைமுகத்தருகே வாழும் நம் திருகோணமலைப் பிள்ளைகள் பிறநாட்டுக் கப்பல்களை நாடோறும் காண்பர். அந்நாட்டார் கல்வியையோ அறியார். சீனரோடு தமிழர்க்குள்ள தொடர்பு மிகப் பழையது. முதலாம் இராசராச சோழன் விடுத்த தூது 1015இல் சீன அரசவையை அடைந்தது. சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் சிவன்கோயில் இருந்தமையை 1281ஆம் ஆண்டின் தமிழ்ச் சாசனம் உணர்த்தும். காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்டுக் கொழும்பு நூதனசாலையிலுள்ள கல், சீனக் கப்பற்படைத் தலைவர் செங் ஹோ கொணர்ந்தது, 1409ஆம் ஆண்டினது. அதன் சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெவிநுவரைத் திருமாலையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றிக் காணிக்கைகளைக் கூறும். அவரே 1411இல் இந்நாட்டு ஆட்சியாளனொருவனைச் சிறைகொண்டு சென்றமையும் வரலாறாதலின், புகழ்ச்சி மாத்திரம் கூறி அமைதல் தகாது.

1. கன்பூசியர்

இவர் கி. மு. 551இல் உலூ நாட்டிற் பிறந்து 479இல் மறைந்தாரென்பது மரபு. அக்காலத்துச் சிற்றரசர் தம்முட் பொருது நாட்டைச் சிதைத்தனர். அதற்கு மருந்து யாதெனின், படைவலியன்று, ஒழுக்கமே என்றார். அவர் கொள்கையின் உயிர்நிலை ‘ரென்’ என்னும் மனிதநேயம்; அதனைப் பயிற்றும் வாயில் ‘லீ’ என்னும் மரபொழுக்கம். அன்பின்றிச் செய்யுஞ் சடங்கு வெறுங்கூடு என்பது அவர் துணிபு.

ஆசிரியர் சிறப்பாகக் கருதவேண்டியது ஒன்றுண்டு. ‘சுன்ட்சு’ என்னுஞ் சொல் முன்னர்ப் பிரபுக்களின் மைந்தரைக் குறித்தது. கன்பூசியர் அதனை ஒழுக்கத்தால் உயர்ந்தோர்க்கு உரியதாக்கினார். உலர்ந்த இறைச்சிக்கட்டாகிய சிறு காணிக்கையோடு வந்தார்க்கும் கல்வி மறுத்திலர். பிறப்பு நோக்கிப் பிள்ளையைப் பின்வாங்கில் இருத்திய வழக்கம் நம் பாடசாலைகளிலும் இருந்தமையை நினைவார்க்கு இது சுடும். சுடுதல் நன்று.

கன்பூசியர் நூல்கள் பின்னர் அரசாங்கத் தேர்வுக்கு அடிப்படையாயின. அத்தேர்வு 1905இல் ஒழிக்கப்பட்டது. நெறி தேர்வுப் பாடமான இடத்தில், மனப்பாடம் மிகுந்து ஒழுக்கம் குன்றுதலும் நிகழ்ந்தது.

2. இலாவோட்சு

இவர் வரலாறு தெளிவற்றது. இவர் பெயரால் வழங்கும் தாவ் தே சிங் 81 அதிகாரங்களையுடைய சிறுநூல். அதன் பகுதிகள் எழுதப்பட்ட பழைய மூங்கிலேடுகள் 1993இல் குவோதியன் என்னுமிடத்திற் கிடைத்தன. அவை ஏறத்தாழ கி. மு. 300ஆம் ஆண்டளவினவென்பர்.

‘தாவ்’ என்பதற்கு வழி என்பது பொருள். எல்லாப் பொருளுக்கும் மூலமாய்ப் பெயரிட அடங்காதது அது. அதனோடு இயைந்து வாழ்தல் ‘வூவேய்’, அஃதாவது வலிந்து செய்யாமை. இது சோம்பலன்று. நீர் தாழ்ந்த இடத்தை நாடியும் கல்லைத் தேய்க்கும். குடத்தின் வெறுமையே அதனைப் பயன்படுத்துகின்றது. கன்பூசியர் ஒழுக்கத்தைப் பயிற்றி வளர்க்க, இலாவோட்சு செயற்கையைக் களைந்து இயல்பினை நாடினார். சீனர் பலர் இரண்டையும் வாழ்விற் கொண்டனர்.

3. ஒப்புநோக்கும் முறை

தாவ் என்பது சிவமே, வூவேய் என்பது சும்மா இருத்தலே என விரைந்து கூறற்க. நம் சித்தாந்தத்திற் பதி ஐந்தொழில் புரிந்து உயிர்க்கு அருள்வது. தாவ் தே சிங் கூறும் மூலமோ அங்ஙனம் அருள்புரியுங் கடவுளன்று. ஒப்புமை காட்டுமிடத்து வேறுபாட்டையுங் காட்டுக. பாதிரிமார் பாடசாலையிற் பயின்ற எம்போல்வார், நம் வழிபாட்டைக் கல்வணக்கமென இகழ்ந்த நூல்களையும் படிக்க நேர்ந்தது. ஆயினும் பாதிரியாராகிய யேம்சு லெக் பல்லாண்டு உழைத்து இவ்விருவர் நூல்களையும் ஆங்கிலத்திற் பெயர்த்தமையும் அறிந்தோம். முன்னையது விலக்கத்தக்கது, பின்னையது கொள்ளத்தக்கது. நம் நெறியைப் பிறர் உள்ளவாறு உணரவேண்டுமென விழையும் நாம், பிறர் நெறியை உள்ளவாறு உரைத்தலே முறை.

மாணாக்கரை வினவத்தக்கன

1. காலிக் கல்லின் மும்மொழிப் பகுதிகள் யார் யாரைப் போற்றுகின்றன?
2. சுன்ட்சு என்னுஞ் சொல்லின் பொருள் எங்ஙனம் மாறியது?
3. வலிந்து செய்யாமை சோம்பலாகாமைக்கு உம் ஊரினின்று ஓர் உவமை கூறுக.