கேள்வியும் ஓர் அளவுகருவியே!

ஒரு சிறு குப்பியில் பத்துச் சொட்டு வெந்நீர் இருக்கிறது. அதில் ஒரு பெரிய வெப்பமானியைச் செருகினால் என்ன ஆகும்? கருவியே வெப்பத்தை உறிஞ்சிவிடும். அது காட்டுவது நீரின் பழைய வெப்பநிலை அன்று. அதற்காக நீரின்மேல் குறை சொல்வோமா? கருவியை அல்லவா மாற்றுவோம்!

காவலர் சாட்சியிடம் கேட்கும் கேள்வியும் ஒரு கருவிதான். ஆட்டிசம் உள்ள ஒருவர் ஒரு திருட்டை நேரில் பார்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். (ஆட்டிசம் நோய் அன்று, மூளை வளர்ச்சியில் அமைந்த ஒரு வேறுபாடு.) "நடந்ததைச் சொல்ல முடியுமா?" என்கிறார் காவலர். "முடியும்" என்று சொல்லிவிட்டு அவர் பேசாமல் இருக்கிறார். கேட்ட கேள்விக்குச் சரியான விடைதானே அது! "எல்லாவற்றையும் சொல்லுங்கள்" என்றால் எங்கே தொடங்குவது, சுவரின் நிறமும் அதில் சேருமா என்ற குழப்பம். முகத்தைப் பார்த்துக்கொண்டே யோசிப்பது ஆட்டிசம் உள்ள பலருக்குக் கடினம். ஆகவே பார்வை வேறு பக்கம் போகிறது. காவலரோ, 'இவன் எதையோ மறைக்கிறான்' என்று எண்ணிவிடக் கூடும். உண்மை பேசியவர் பொய்யராகிவிடுகிறார்.

அப்படியானால் இவர்களுடைய நினைவாற்றல்தான் குறைவோ? 2010இல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வைப் பாருங்கள். ஆட்டிசம் உள்ள 26 பேரும் இல்லாத 26 பேரும் ஒரு குற்றக் காட்சியைப் படமாகப் பார்த்தனர். எளிய, ஒழுங்கான முறையில் கேட்டபோது இரு குழுவினரும் ஒரே தரத்தில் விடையளித்தனர். 'அந்த இடத்தை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள்' என்பது போன்ற நினைவூட்டு உத்திகளைச் சேர்த்துக் கேட்டபோதோ, ஆட்டிசம் உள்ளவர்களின் விடைகளில் பிழை மிகுந்தது. பலருக்கும் உதவும் என்று 1980களில் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட முறை அது! ஆட்கள் அதே வகையினர், மாறியது கருவி.

பாத் பல்கலைக்கழகத்தின் கேட்டி மாராஸ் குழுவினர் 2020இல் வேறொரு வழியை வெளியிட்டனர். சாட்சி முதலில் நிகழ்ச்சியைத் தாமே சில பகுதிகளாகப் பிரிக்கிறார். 'கடைக்குள் வந்தது', 'சண்டை', 'ஓட்டம்' என்று ஒவ்வொன்றும் ஒரு துண்டுத்தாளில் எழுதப்பட்டு, கண்ணெதிரே ஒட்டப்படுகிறது. பிறகு ஒரு தாளை எடுத்து, அதைப் பற்றி மட்டும் முழுவதும் பேசுவது, முடிந்ததும் அடுத்தது. விடைகளில் விவரமும் துல்லியமும் கூடின. ஆட்டிசம் இல்லாதவர்களுக்கும் கூடின என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இனி, முன்னேற்பாடு. எதிர்பாராத மாற்றம் இவர்களில் பலருக்குப் பெருந்தொல்லை. விசாரணை அறையின் படம், கேட்கப் போகிறவரின் படம், எவ்வளவு நேரமாகும், இடைவேளை எப்போது என்பவற்றை முன்னரே தெரிவித்தால் அச்சம் குறையும். "'தெரியாது' என்பதும் விடைதான்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சாட்சிக்குப் புரியும்படி கேள்வியை அமைத்துத் தர ஓர் இடையாளரை வைத்துக்கொள்ள இங்கிலாந்தில் 1999ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது.

விளக்கையும் மறக்கக் கூடாது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், பழைய சோக் பொருத்திய குழல் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. நம்மில் பெரும்பாலோர் அதை உணர்வதில்லை. ஆட்டிசம் உள்ள சிலருக்கு அந்தத் துடிப்பும் சோக்கின் ரீங்காரமும் கேள்வியையே காதில் விழவிடாமல் செய்துவிடும். விளக்கை அணைத்துவிட்டுச் சன்னலைத் திறக்கச் சொல்லிக் கேட்பதும் முன்னேற்பாட்டில் சேர்ந்ததே.